காப்புரிமை முகவரின் வருமானம்

காப்புரிமை முகவர் என்பவர் கண்டுபிடிப்பாளர் சார்பில் காப்புரிமை விண்ணப்பத்தை எழுதித் தாக்கல் செய்து, காப்புரிமை அலுவலகம் எழுப்பும் மறுப்புகளுக்குப் பதில் அளித்து, விண்ணப்பம் ஒரு முடிவுக்கு வரும்வரை அதை நடத்திச் செல்லப் பதிவு பெற்றவர் ஆவார். இந்தியாவில் இவருக்கென்று அரசு வகுத்த ஊதிய விகிதமோ, எல்லோரையும் கட்டுப்படுத்தும் கட்டணப் பட்டியலோ கிடையாது. ஒரே ஆண்டில் ஒரே தேர்வில் தேறிய இருவரில் ஒருவர் மாதம் 40,000 ரூபாய்க்குப் பணியாற்றலாம். மற்றவர் அதைப்போல் சில மடங்கு பெறலாம். பதிவுச் சான்று இருவருக்கும் ஒன்றுதான். யாருடைய கண்டுபிடிப்பை எழுதுகிறார், விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறார், அதற்கான பணம் எப்போது கைக்கு வருகிறது என்ற மூன்றும்தான் வருமானத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

இக்கட்டுரை இந்திய நிலையை முதன்மையாகக் கொண்டது. பிற நாட்டு நிலை இறுதிப் பகுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளது.

பதிவும் தகுதியும்

காப்புரிமைச் சட்டம், 1970-இன் 126ஆம் பிரிவு முகவராவதற்கான தகுதிகளைச் சொல்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அதன்மேல் முகவர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராகவோ கட்டுப்பாட்டாளராகவோ மொத்தம் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றி, அப்பணியிலிருந்து விலகியவர்களுக்குத் தேர்வு தேவையில்லை. கலை, வணிகவியல் பட்டம் மட்டும் பெற்றவர்கள் இத்தொழிலுக்கு வர இயலாது. சட்டம் படித்திருப்பது கட்டாயமல்ல என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை, வேதியியலில் பி.எஸ்சி. முடித்தவரும் தேர்வு எழுதலாம்.

தேர்வில் இரண்டு எழுத்துத் தாள்கள் உண்டு. முதல் தாள் சட்டமும் விதிகளும். இரண்டாம் தாள் விவரக்குறிப்பு எழுதுவதும் அதைப் பொருள்கொள்வதும். இவற்றோடு நேர்முகத் தேர்வும் உண்டு. ஒவ்வோர் எழுத்துத் தாளிலும் 50 விழுக்காடும், மொத்தத்தில் 60 விழுக்காடும் எடுத்தால் தேர்ச்சி. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தவர்கள் முதல் தாளைத் தாண்டிவிட்டு இரண்டாம் தாளில் நின்றுவிடுவதுண்டு. தொழிலில் சம்பளத்தைத் தீர்மானிக்கும் திறனும் அந்த இரண்டாம் தாளில் சோதிக்கப்படுவதுதான்.

தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. 2018க்குப் பிறகு 2022இல்தான் அடுத்த தேர்வு நடந்தது. அந்த இடைவெளியில் படிப்பை முடித்தவர்கள் பலர் பதிவு இல்லாமலே நிறுவனங்களில் வரைவு எழுதி, பதிவு பெற்ற மூத்தவரின் கையொப்பத்துடன் தாக்கல் செய்தனர். வேலை அதேதான் என்றாலும் கையொப்பமிடும் உரிமை இல்லாததால் சம்பளப் பேச்சில் அவர்களுடைய கை தாழ்ந்தே இருந்தது.

பதிவு தரும் உரிமை, கட்டுப்பாட்டாளர் முன் தொழில் நடத்துவது: ஆவணங்களைத் தயாரிப்பது, கையொப்பமிடுவது, விசாரணையில் வாதிடுவது ஆகியன. பதிவில்லாதவர் தம்மைக் காப்புரிமை முகவர் என்று சொல்லித் தொழில் நடத்துவது தண்டத்துக்குரியது. ஆனால் கண்டுபிடிப்பாளர் தம் விண்ணப்பத்தைத் தாமே எழுதித் தாக்கல் செய்யச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. அதனால் முகவர் கேட்கும் கட்டணம் எப்போதும் "நானே எழுதிக்கொள்கிறேன்" என்ற மாற்று வழியோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

எதற்குப் பணம் கிடைக்கிறது

காப்புரிமைச் செலவில் இரண்டு தொகைகள் கலந்திருக்கின்றன. ஒன்று அரசுக் கட்டணம். மற்றது முகவரின் தொழில் கட்டணம். இணையவழித் தாக்கலுக்கு அரசுக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு 1,600 ரூபாய். மற்றவர்களுக்கு 8,000 ரூபாய். பரிசோதனை கோருவதற்கு முறையே 4,000 ரூபாயும் 20,000 ரூபாயும். விவரக்குறிப்பு 30 பக்கங்களைத் தாண்டினாலும், உரிமைக்கோரல்கள் 10-ஐத் தாண்டினாலும் கூடுதல் கட்டணம் உண்டு. தனிநபர் ஒருவர் சாதாரண விண்ணப்பத்துக்கு அரசுக்குக் கட்டுவது ஏறத்தாழ 5,600 ரூபாய்தான். முகவர் அனுப்பும் பட்டியலில் அதைப்போல் பத்து மடங்கு தொகையைக் காணும் கண்டுபிடிப்பாளர் திகைப்பது இயல்பு. அந்த மிச்சத் தொகை எதற்கு என்று விளக்கத் தெரிந்த முகவருக்கே அது நிலைக்கிறது.

அதில் பெரும்பங்கு வரைவுக்கு உரியது. கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்வது, உலகில் ஏற்கெனவே வெளியானவற்றைத் தேடிப் பார்ப்பது, அவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று வகுப்பது, பிறகு விவரக்குறிப்பையும் உரிமைக்கோரல்களையும் எழுதுவது என்று வரைவு வேலை நீள்கிறது. உரிமைக்கோரல் என்பது காப்புரிமையின் எல்லையை வரையறுக்கும் வாக்கியம். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போன்றது. கோயம்புத்தூரில் ஒருவர் மாவரைக்கும் கிரைண்டருக்குப் புதிய பற்சக்கர அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். "நைலானால் ஆன பற்சக்கரம்" என்று உரிமைக்கோரலில் எழுதிவிட்டால், போட்டியாளர் வேறொரு பிளாஸ்டிக்கில் அதே அமைப்பைச் செய்து தப்பிக்க வழி தேடுவார். அமைப்பின் வடிவத்தையும் இயக்கத்தையும் பொதுவாக எழுதி, நைலானை ஒரு துணைக் கோரலாக வைத்திருந்தால் அந்த வழி அடைபடும். இந்த ஒரு சொல் வேறுபாட்டின் விலை 20 ஆண்டுக் காலத்துக்கு உரியது.

விடுபட்டதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாத பொருளைத் திருத்தம் என்ற பெயரில் நுழைக்க இயலாது. மெலிந்த வரைவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு கெட்டிக்கார முகவரும் பின்னால் அதிகம் செய்துவிட முடியாது.

வரைவுக்குப் பிறகு வருவது விண்ணப்பத்தை நடத்துவது. தாக்கலான விண்ணப்பம் வழக்கமாக 18 மாதங்களுக்குப் பின் வெளியிடப்படும். பரிசோதனை கோரிய பிறகு முதல் பரிசோதனை அறிக்கை வரும். அதற்கு 6 மாதங்களுக்குள் பதில் தர வேண்டும், மேலும் 3 மாதங்கள் நீட்டிப்பு வாங்கலாம். பிறகு பெரும்பாலும் விசாரணை. ஒவ்வொரு கட்டத்துக்கும் முகவர் தனிக் கட்டணம் வாங்குவதே வழக்கம். மூன்றாம் தரப்பினர் எதிர்ப்பு மனு தாக்கல் செய்தால், அது ஏறக்குறைய ஒரு சிறு வழக்கு. சான்றுகள், நிபுணர் உறுதிமொழிகள், விசாரணை என்று நீளும். தனி விண்ணப்பம் ஒன்றில் முகவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய தொகை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

சிறு சிறு தொடர் வேலைகளும் உண்டு. காப்புரிமை நாட்டில் பயன்பாட்டில் இருக்கிறதா என்று தெரிவிக்கும் 27ஆம் படிவம், வெளிநாட்டு விண்ணப்பங்களின் நிலையைத் தெரிவிக்கும் 3ஆம் படிவம், புதுப்பித்தல் கட்டணம் ஆகியவை அவை. நூறு இருநூறு காப்புரிமைகளைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு இவை மாத வாடகையைக் கட்டும் வருமானமாக இருந்தன. 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்டபோது, ஆண்டுதோறும் தர வேண்டியிருந்த 27ஆம் படிவம் மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை என்றானது. 3ஆம் படிவத்தை அடிக்கடி தாக்கல் செய்யும் தேவையும் குறைந்தது. கண்டுபிடிப்பாளர்களுக்கு இது நல்ல செய்திதான். படிவம் நிரப்புவதையே தொழிலாக வைத்திருந்த அலுவலகங்களுக்கு அடி. புதுப்பித்தல் வேலையைப் பெரிய நிறுவனங்கள் அதற்கென்றே இயங்கும் சேவை நிறுவனங்களிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டன.

அரசு நிர்ணயித்த ஒரு விலை: ஒரு கணக்கு

முகவரின் உழைப்புக்கு அரசே ஒரு விலையை எழுதி வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்டார்ட்அப் நிறுவனங்களின் அறிவுசார் சொத்துப் பாதுகாப்புக்காக 2016இல் தொடங்கிய திட்டத்தில், ஸ்டார்ட்அப் நிறுவனம் அரசுக் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். முகவருக்கான கட்டணத்தை அரசு தரும். தொடக்கத்தில் தாக்கலின்போது 10,000 ரூபாயும், எதிர்ப்பின்றி விண்ணப்பம் முடிந்தபின் 10,000 ரூபாயும் தரப்பட்டன. 2022இல் இத்தொகைகள் 15,000 ரூபாயாகவும் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. எதிர்ப்பு மனுவைச் சந்தித்து முடிந்தால் இரண்டாம் தொகை 35,000 ரூபாய்.

சொந்தமாகத் தொழில் நடத்தும் முகவர் ஒருவர் மாதம் மூன்று ஸ்டார்ட்அப் விண்ணப்பங்களை இத்திட்டத்தில் எழுதுகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 36 விண்ணப்பங்கள். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுக்கு 40,000 வீதம் 14,40,000 ரூபாய். ஆனால் முதல் ஆண்டில் அவர் கணக்கில் சேரக்கூடியது தாக்கல் தொகையான 5,40,000 ரூபாய் மட்டுமே. மீதி 9 லட்சம் அந்தந்த விண்ணப்பம் முடியும்போதுதான் வரும். சிலவற்றுக்கு இரண்டாண்டு, சிலவற்றுக்கு நான்காண்டுகூட ஆகலாம். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் எழுதுவது, விசாரணைக்குப் போவது எல்லாம் அந்த இரண்டாம் தொகைக்குள் அடக்கம். கைக்கு வந்த 5,40,000 ரூபாயிலிருந்து அலுவலக வாடகை, உதவியாளர் சம்பளம், தேடல் தரவுதளச் சந்தா ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது புதிதாகப் பணியில் சேர்ந்த பொறியாளரின் சம்பளத்தைத் தாண்டுவது கடினம்.

இதே கணக்கை மணி நேரத்தில் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரு விண்ணப்பத்தை ஒழுங்காகத் தேடி எழுத 30 மணி நேரம் ஆகிறது என்றால் 15,000 ரூபாய் என்பது மணிக்கு 500 ரூபாய். சிக்கலான கண்டுபிடிப்புக்கு 60 மணி நேரம் எடுத்தால் 250 ரூபாய். பழைய வரைவு ஒன்றைப் படியெடுத்து, பெயர்களை மாற்றி, 8 மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 1,875 ரூபாய். ஒட்டுமொத்தத் தொகையில் வாங்கும் கட்டணம், கவனமாக எழுதுபவரைத் தண்டித்து அவசரமாக எழுதுபவருக்குப் பரிசளிக்கிறது. இந்தத் திட்டத்துக்கு மட்டும் உரிய குறை அன்று இது. ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் எல்லா ஏற்பாட்டிலும் இருப்பது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் பழக்கம் இந்தியாவில் பெரிய சட்ட நிறுவனங்களையும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களையும் தாண்டி அதிகம் பரவவில்லை.

சொந்தத் தொழிலில் முதல் மூன்று ஆண்டுகள் கடினம் என்று மூத்த முகவர்கள் சொல்வதன் காரணம் இந்தக் கால இடைவெளியே. நான்காம் ஆண்டில் பழைய விண்ணப்பங்களின் இரண்டாம் கட்ட வருமானமும் புதியவற்றின் முதல் கட்ட வருமானமும் ஒன்றாக வரத் தொடங்கும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சேமிப்போ, வேறொரு வேலையோ தேவைப்படுகிறது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் 18 விழுக்காடு வரியும் சேரும். அதைத் திரும்பக் கழித்துக்கொள்ள இயலாத சிறு வாடிக்கையாளருக்கு அது நேரடியாக விலையேற்றம்.

மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள்

முகவர்களில் பலர் சொந்த அலுவலகம் நடத்துவதில்லை. சட்ட நிறுவனங்கள், தொழில் நிறுவனங்களின் அறிவுசார் சொத்துப் பிரிவுகள், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகக் காப்புரிமைத் தேடலும் பகுப்பாய்வும் செய்யும் சேவை நிறுவனங்கள் ஆகிய மூன்றும்தான் முதன்மையான வேலையிடங்கள்.

2020-களின் நடுவில் வேலை விளம்பரங்களில் தென்படும் தொகைகளை வைத்துத் தோராயமாகச் சொன்னால், புதிதாகச் சேருபவருக்கு ஆண்டுக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஐந்தாறு ஆண்டு அனுபவத்துடன் தாமே வரைவு எழுதி விசாரணையும் நடத்தத் தெரிந்தவர் 10 லட்சத்தைத் தாண்டுவது வழக்கம். பெரிய மருந்து, மின்னணு, மென்பொருள் நிறுவனங்களின் உள்பிரிவில் மூத்த நிலையில் 25 லட்சத்துக்கு மேலும் போகும். இவை அளந்தெடுத்த சராசரிகள் அல்ல. இணையத்தில் "சராசரிச் சம்பளம்" என்று காட்டப்படும் எண்கள் பெரும்பாலும் தாமாக முன்வந்து பதிவு செய்தவர்களின் தொகைகள். தேடல் பகுப்பாய்வாளர், முகவர், வழக்கறிஞர் என்ற மூவரையும் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஒப்பிட உறுதியான அளவுகோல் ஒன்று உண்டு. மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் காப்புரிமைப் பரிசோதகர் மத்திய அரசின் ஏ பிரிவு அலுவலர்; ஏழாவது ஊதியக் குழுவின் 10ஆம் நிலையில், 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிறார். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். 2023இல் 553 பரிசோதகர் இடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தபோது தனியார் அலுவலகங்களில் பணியாற்றிய பல இளைஞர்கள் அதற்கு விண்ணப்பித்தது வியப்பன்று. தொடக்க ஆண்டுகளில் பரிசோதகரின் சம்பளம் பெரும்பாலான முகவர்களுடையதைவிடக் கூடுதல். பத்தாண்டு கழித்து நிலை தலைகீழாகலாம். அப்போது பரிசோதகர் பணியை விட்டு, தேர்வில்லாமலே முகவராகப் பதிந்துகொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

சேவை நிறுவனங்களில் தேடல் வேலை செய்ய முகவர் பதிவு தேவையில்லை. பொறியியல் பட்டதாரிகள் இத்துறைக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் இதுதான். ஆனால் வரைவு எழுதப் பழகாமல் தேடலிலேயே பல ஆண்டு இருந்துவிட்டால், தேர்வில் தேறிய பிறகும் சம்பளம் பெரிதாக உயர்வதில்லை. தொழிலில் விலை போவது பதிவு எண்ணைவிட, கையில் இருக்கும் வரைவுகளின் கோப்புதான்.

படித்த துறையின் செல்வாக்கு

எந்த அறிவியல் படித்தவர் என்பது சம்பளத்தை வலுவாகப் பாதிக்கிறது. மருந்து வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றில் நிறுவனங்கள் முதுகலைப் பட்டத்தையோ முனைவர் பட்டத்தையோ எதிர்பார்க்கின்றன. அறியப்பட்ட மருந்துப் பொருளின் புதிய வடிவம், மருத்துவப் பயன் கூடியதாக நிரூபிக்கப்பட்டாலொழிய காப்புரிமை பெறாது என்று சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது. 2013இல் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதியாகப் பொருள்கொண்ட பிறகு, தரவுகளோடு வாதிடத் தெரிந்த வேதியியலாளர் தேவைப்படுகிறார். மருந்துத் துறையில் எதிர்ப்பு மனுக்களும் அதிகம்.

மின்னணு, தொலைத்தொடர்பு, கணினி ஆகியவற்றில் பி.இ. பட்டமே பெரும்பாலும் போதும். இங்கே தடையாக நிற்பது 3(கே) பிரிவு: கணினி நிரல் தன்னளவில் காப்புரிமைக்கு உரியதல்ல. ஒரு மென்பொருள் கண்டுபிடிப்பின் தொழில்நுட்ப விளைவை எடுத்துக்காட்டி இந்தத் தடையைத் தாண்டும் பதில் எழுதத் தெரிந்தவருக்கு வேலைக்குக் குறைவில்லை. இயந்திரப் பொறியியல் விண்ணப்பங்கள் புரிந்துகொள்ள எளிது என்ற எண்ணத்தால் அவற்றுக்குக் கட்டணம் குறைவாகவே பேசப்படுகிறது. கிரைண்டர் பற்சக்கரத்தை நல்ல கோரலாக எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுதிப் பார்த்தவருக்கே தெரியும்.

யாருடைய விண்ணப்பம்

வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் காப்புரிமை பெறக் காப்புரிமைக் கூட்டுறவு ஒப்பந்தத்தின் வழியாக, முதல் தாக்கலிலிருந்து 31 மாதங்களுக்குள் இங்கே விண்ணப்பிக்கின்றன. வரைவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். இந்திய முகவர் தாக்கல் செய்து, அறிக்கைக்குப் பதில் அளித்து, விசாரணைக்குப் போகிறார். வேலை குறைவு, தொகை உறுதி, டாலரிலோ யூரோவிலோ கட்டணம். இந்த வேலையை ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் பெறும் நிறுவனங்களே தொழிலில் வசதியானவை. உள்நாட்டு விண்ணப்பதாரருக்கு அவர் வாழும் இடத்தைப் பொறுத்துக் காப்புரிமை அலுவலகம் அமைகிறது. இந்தியாவில் தொழிலிடம் இல்லாத வெளிநாட்டவருக்கோ, அவர் இங்கே கொடுக்கும் முகவரியைப் பொறுத்து அமைகிறது. அந்த முகவரி பெரும்பாலும் முகவருடையது. டெல்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பெரிய நிறுவனங்கள் குவிந்திருப்பதால் வெளிநாட்டு வேலையில் பெரும்பங்கு அங்கே சேர்கிறது. சென்னையில் புதிதாகத் தொடங்கும் தனி முகவருக்கு இந்த வாசல் எளிதில் திறப்பதில்லை. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களோடு பல ஆண்டுத் தொடர்பு வேண்டும்.

உள்நாட்டு விண்ணப்பங்கள் வேகமாகப் பெருகியுள்ளன. 2014-15இல் இந்தியாவில் தாக்கலான விண்ணப்பங்கள் 42,763. இது 2022-23இல் 82,811 ஆகவும், 2023-24இல் 92,168 ஆகவும் உயர்ந்தது. 2022-23இல் உள்நாட்டு விண்ணப்பங்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டின. மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. வேலை இரட்டித்தால் வருமானமும் இரட்டிக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. காரணம் விண்ணப்பங்களின் தன்மையில் இருக்கிறது.

உள்நாட்டு வளர்ச்சியில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. மத்திய அரசின் தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசை, வழங்கப்பட்ட காப்புரிமைகளோடு வெளியிடப்பட்ட விண்ணப்பங்களையும் கணக்கில் எடுக்கிறது. வெளியிடப்படுவதற்கு விண்ணப்பம் பரிசோதிக்கப்பட வேண்டியதில்லை. 9ஆம் படிவத்தில் கட்டணம் கட்டிக் கேட்டால் 18 மாதம் காத்திராமல் விரைவிலேயே வெளியாகும். 2021இலிருந்து கல்வி நிறுவனங்களுக்கு அரசுக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகையும் கிடைத்தது. எனவே ஆசிரியர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப விண்ணப்பங்களை மொத்தமாக எழுதித் தரும் ஒப்பந்தங்கள் தோன்றின. இத்தகைய விண்ணப்பம் ஒன்றுக்கு முகவர் பெறுவது சில ஆயிரம் ரூபாய்தான். வெளியான பிறகு பரிசோதனை கோரப்படாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். பதில், விசாரணை என்ற அடுத்த கட்ட வருமானமும் முகவருக்கு இல்லை. மாதம் இருபது விண்ணப்பம் தாக்கல் செய்தும் வருமானம் உயராத முகவர்கள் இந்த வலையில் இருப்பவர்கள். உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு வைத்திருக்கும் பேராசிரியர்தான் இதில் அதிகம் இழக்கிறார்; அவருடையதும் அதே மொத்த விலையில், அதே அச்சில் எழுதப்பட்டுவிடுகிறது.

2023-24இல் இதற்கு நேர்மாறான ஒரு நெருக்கடியும் வந்தது. முந்தைய ஆண்டில் 34,134 காப்புரிமைகளை வழங்கிய அலுவலகம் அவ்வாண்டில் 1,03,057 வழங்கியது. தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களுக்கு விசாரணை அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டாம் கட்டக் கட்டணங்கள் பல அலுவலகங்களுக்கு ஒரே ஆண்டில் சேர்ந்தாலும், ஆள் பலம் இல்லாதவர்கள் நாளொன்றுக்குப் பல விசாரணைகளைச் சமாளிக்கத் திணறினர்.

சட்டப் பட்டம் சேர்த்தால்

முகவரின் உரிமை கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. கட்டுப்பாட்டாளரின் முடிவை எதிர்க்கும் மேல்முறையீடுகளை முன்பு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் விசாரித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றன. அங்கே வழக்கை நடத்துவது வழக்கறிஞர்தான். உரிமை மீறல் வழக்குகளும் அப்படியே. கண்டுபிடிப்பின் நுட்பத்தை முகவர் விளக்கிக் கொடுக்க, கட்டணத்தின் பெரும்பகுதி வாதிடுபவருக்குப் போகிறது. பணியில் இருந்துகொண்டே முகவர்கள் பலர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை மேற்கொள்வது இதனால்தான். இரண்டு தகுதியும் உள்ளவருக்கு நிறுவனப் பங்குதாரர் நிலைக்கு உயரும் வாய்ப்பும் கூடுகிறது.

பிற நாட்டுத் தொகைகள்

தேடுபொறியில் காப்புரிமை முகவரின் சம்பளம் என்று தேடினால் முதலில் வருவன பெரும்பாலும் அமெரிக்க டாலர் தொகைகள். அங்கே முகவர்கள் அமெரிக்கக் காப்புரிமை, வணிகக்குறி அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறிப் பதிகின்றனர். வழக்கறிஞரல்லாத முகவர் அந்த அலுவலகத்தின் முன் தொழில் நடத்துவதை மாநிலங்கள் தடுக்க இயலாது என்று 1963இல் ஸ்பெரி எதிர் புளோரிடா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கும் வழக்கறிஞரான காப்புரிமையாளருக்கே வருமானம் கூடுதல். ஐரோப்பாவில் தகுதித் தேர்வுக்கு முன் மூத்தவர் ஒருவரின்கீழ் மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும். தேறுபவர் குறைவு, சம்பளமும் அதற்கேற்ப உயர்வு.

இத்தொகைகளை ரூபாயாக மாற்றிப் பார்த்து எதிர்காலத்தைத் திட்டமிடும் இந்திய மாணவர் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகன் அமெரிக்க முகவராகப் பதிய இயலாது. அமெரிக்க விண்ணப்பங்களுக்கு இங்கிருந்து வரைவு எழுதித் தரும் வேலை உண்டு. கையொப்பம் அங்குள்ள பதிவு பெற்றவருடையது, சம்பளம் இந்திய அளவில்தான். உரிய பணி விசாவுடன் அமெரிக்காவில் வசிப்பவர் அத்தேர்வில் தேறினால், அவ்விசா அனுமதிக்கும் வேலையின் எல்லைக்குள், வரையறுக்கப்பட்ட அங்கீகாரம் ஒன்றைப் பெறலாம். விசா முடிந்தால் அதுவும் முடிந்துவிடும்.